மூன்றாவது செட்டிங்ஸ் ஃபைல்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் சுமார்.

நானும் உன் அக்காவும் ஒரே ஆபீசில், ஒரே ப்ராஜெக்டில் குப்பை கொட்டுவது உனக்குத் தெரியும். அவள்தான் என் டீம் லீடர் என்பதை நான் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. இப்போது புதிதாக ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் அதுவே ப்ரோகிராம் எழுதும், பழசை அழிக்கும், முடித்ததை டீமுக்குப் பொதுவான சர்வரில் ஏற்றும். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். உன் அக்கா ப்ராஜெக்டுக்கென்று ஒன்று எழுதினாள்: எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுச் செய். அவ்வளவுதான், திறக்கட்டுமா, மூடட்டுமா, அழிக்கட்டுமா, ஏற்றட்டுமா என்று நாள் முழுக்க என் உயிரை வாங்கியது. கல்யாணமான புதிதில் நான்கூட இவ்வளவு கேட்டதில்லை! நம்ம கம்ப்யூட்டர், நம்ம இஷ்டம் என்று எனக்கென்று தனியாக இருக்கும் ஹோம் ஃபோல்டரில், "எதையும் கேட்காதே" என்று என் பங்குக்கு ஒரு ஃபைல் எழுதினேன். மறுபடியும் "மூடட்டுமா?" பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஹோம்ல நீங்க எழுதுறதெல்லாம் சும்மா ஒரு ஆசை சார். மேடம் எழுதினதுதான் செல்லும்." நம் வீட்டு நிலவரம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று தூக்கிவாரிப் போட்டது.

அப்புறம் அவரே வழியும் சொன்னார். ப்ராஜெக்டுக்குள்ளேயே 'லோக்கல்' என்று மூன்றாவதாக ஒரு ஃபைல் வைத்தால் அது மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம். வைத்தேன். கருவி கண்டுகொள்ளவே இல்லை. மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தால் நான் எழுதியதில் ஒரு கமா இல்லை! போட்டேன். அடேயப்பா, அதோடு வாயை மூடியதுதான். எல்லாவற்றையும் தானே செய்து தானே ஏற்றிவிடுகிறது.

இது உன் அக்காவுக்குத் தெரியாது. அவள் ஃபைல்படிதான் நடக்கிறேன் என்று நேற்று மீட்டிங்கில் சத்தியமே பண்ணிவிட்டேன். "பாருங்க, இவர் ஒருத்தர்தான் என் பேச்சைக் கேக்குறார்" என்று அவள் வேறு பெருமையாகச் சொல்லிவிட்டாள். தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும் மச்சான். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, யதேச்சையாகப் பேசுவது போல, அந்த ஃபைலைக் கொஞ்சம் தளர்த்தச் சொல். காதும் காதும் வைத்த மாதிரி முடியட்டும். வீட்டில் எழுதினால் பார்த்துவிடுவாள் என்று இந்தக் கடிதத்தை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு மூலையில் வைத்து எழுதுகிறேன்.

உன் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
யாருக்கும் அடங்காத உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். அந்த ஃபோல்டர்ல எது புதுசா வந்தாலும் கருவி சர்வர்ல ஏத்திடும். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கட்டும்னுதான் நான் அந்த ஃபைலே எழுதினேன். டீம் மொத்தமும் கடிதத்தைப் படிச்சாச்சு. ரெண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி டீம் லீடர்ங்கிற முறையில நானே ஒப்புதலும் குடுத்துட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. உன் அத்தான் ரொம்ப நேரமா என் ரூம் வாசல்ல நின்னு, "உள்ள வரட்டுமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.