உடும்பார் தலையில் விழுந்த ஈரப்பலாக்காய்

ஒரு பிள்ளையின் பல்கூட வெளியே தெரியவில்லை.

திரையில் துப்பறியும் உடும்பார் மரத்தடியில் நிமிர்ந்து நின்று, இல்லாத மீசையை முறுக்கி, "கேஸ் முடிஞ்சுது!" என்று அறிவித்தார். அறிவித்த கையோடு மரத்திலிருந்து தேங்காயளவில் ஓர் ஈரப்பலாக்காய் அவர் தலையில் தொம்மென்று விழுந்தது. தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறந்தன. உடும்பார் மெல்லத் திரும்பி, படம் பார்க்கிறவர்களைப் பார்த்து இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டினார்.

இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பது சண்முகலிங்கத்தின் உறுதியான கருத்து. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறையப் பிறந்து, வளர்ந்து, நீலச் சீருடை போட்டு, அவருடைய ஸ்டூடியோவிலேயே பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"சேர், ஒரு புள்ளயும் சிரிக்கல்லயே," என்று காதோடு சொன்னான் ஸியாம். உடும்பாரை வரைவதும் அசைப்பதும் படத்தை வெட்டி ஒட்டுவதும் அவன்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எதற்கும் சட்டென்று பதறாதவன். அவனே பதறிப் போயிருந்தான்.

"பொறும் ஸியாம். மூண்டாந்தரம் விழேக்க பாரும்."

மூன்றாம் தரமும் விழுந்தது. இந்தத் தரம் உடும்பார் உசாராகக் குடை பிடித்திருந்தார். காய் பக்கத்து மதிலில் பட்டுத் தெறித்துக் குடைக்கு அடியால் வந்து அடித்தது. பிள்ளைகள் கல்லுப் பிள்ளையாராக இருந்தார்கள்.

சிறுவர் கார்ட்டூன் விஷயத்தில் கொழும்பில் தனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று சண்முகலிங்கம் நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் மறைத்ததும் இல்லை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறை ஸ்டூடியோ. கதை அவருடையது, உடும்பாரின் குரலும் அவருடையது. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒரே அடி மூன்று தரம் விழ வேண்டும். மூன்றாவது எதிர்பாராத பக்கத்தால் வர வேண்டும். மலையுச்சியைத் தாண்டி நடந்தவன் கீழே பார்க்கும் வரைக்கும் விழக்கூடாது. இதெல்லாம் அவருடைய சட்டங்கள். தேத்தண்ணி குடிக்க வந்தவர்களுக்கும் அவற்றைச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார்.

பின்னால் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் சாமினி. தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பானவர். உடும்பாருக்கு இன்னொரு சீசன் கொடுப்பதா, அல்லது வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றை மலிவாக வாங்கித் தமிழில் பேசவைப்பதா என்று, பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்து இன்றைக்குத் தீர்மானிக்க வந்திருந்தார். சீசன் கிடைக்காவிட்டால் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான். இது சண்முகலிங்கத்துக்கும் தெரியும், ஸியாமுக்கும் தெரியும்.

"பிள்ளைகளுக்குப் பிடிச்ச மாதிரித் தெரியேல்லயே, சேர்," என்றார் சாமினி.

"அது சின்னப் பிரச்சினை மேடம். நான் பார்த்துக்கொள்றன். ஒரு கால் மணித்தியாலம் தாங்கோ."

பிள்ளைகளுக்குப் பால் பக்கற் கொடுக்கப்பட்டது. அதைக்கூட உறிஞ்சும் சத்தம் இல்லாமல் குடித்தார்கள். பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்த அவர்களுடைய பாலர் பாடசாலை ஆசிரியை மஸாஹிரா மிஸ்ஸின் முகத்தில் பெருமை வழிந்தது.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. கீழ்மாடியில் பல் டொக்டர் பொன்னம்பலத்தின் கிளினிக். போன தரம் வேறொரு பாலர் பாடசாலைப் பிள்ளைகள் வந்து படியில் குதித்ததில் டொக்டரின் கை ஆடி, அவர் வாய்மூடியோடு மேலே வந்து சண்முகலிங்கத்தைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். அதனால் இந்தத் தரம் சண்முகலிங்கம் மஸாஹிரா மிஸ்ஸுக்கு முதல் நாளே போன் எடுத்து, "மிஸ், கீழ பல் டொக்டர் இருக்கிறார். சத்தம் கேட்டால் என்னைத் தொலைச்சுப் போடுவார்," என்று சொல்லியிருந்தார்.

"அத எனக்கிட்ட உடுங்க சேர்," என்றிருந்தார் மிஸ். "சொல்ற விதத்தில சொன்னா எங்கட புள்ளைகள் கேப்பாங்க."

கேட்டிருந்தார்கள். படியேறி வந்தது தெரியாமல் வந்திருந்தார்கள்.

எடிட்டிங் கொம்பியூட்டருக்கு முன்னால் சண்முகலிங்கம் கையைப் பிசைந்தார். "பிழை எங்க எண்டு விளங்கீட்டுது. காய் கெதியா விழுந்திடுது. பிள்ளைகள் விழப்போகுது, விழப்போகுது எண்டு ஏங்கோணும். காம்பில ஆடவிடும். மூண்டு தரம் காணாது, அஞ்சு தரம் போடும்."

"சேர், எங்கட வீட்டு ரெண்டும் இதப் பாத்துத் தரையில உருண்டு சிரிச்சிச்சு. கை வைக்க வாணாம் சேர்."

"உம்மட பிள்ளைகள் உமக்காகச் சிரிச்சிருக்கும். போடும்."

ஸியாம் போட்டான். இப்போது காய் காம்பில் ஆடியது, நின்றது, பிறகும் ஆடியது. உடும்பார் அண்ணாந்து பார்த்தார், குனிந்தார், காய் விழுந்தது. அஞ்சு தரம்.

நிலைமை மோசமானது. முன்வரிசையில் இருந்த பர்ஹா என்ற சின்னப் பெண் தண்ணீர்ப் போத்தலின் வாரை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவளுக்குப் பின்னால் ஒரு குண்டுப் பையன் கன்னம் இரண்டையும் ஊதி, முகம் சிவந்து, தோள் குலுங்க இருந்தான். நாலாவது காய் விழுந்ததும் எழுந்து கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து விக்கி விக்கி ஏதோ சத்தம் வந்தது.

சண்முகலிங்கம் கதவில் காதை வைத்துக் கேட்டார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஸியாம், பிள்ளை அழுகுது."

"அழுறானா?"

"விம்மி விம்மி அழுறான். முன்னுக்கு இருக்கிற பிள்ளைக்கும் கண்ணீர். உடும்பாருக்கு அடி விழுறதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு இரக்கம் வந்திட்டுது ஐசே! இந்தக் காலத்துப் பிள்ளைகள் மென்மையான மனசுக்காரர். இதை நாங்கள் யோசிக்கேல்ல."

சாமினி மணிக்கூட்டைப் பார்த்தார். "சேர், பிள்ளைகளை அழவைக்கிற நிகழ்ச்சிக்கு என்னட்ட இடமில்ல."

"நான் பார்த்துக்கொள்றன் மேடம்!"

ஈரப்பலாக்காய் போனது. அந்த இடத்துக்குத் தலையணை வந்தது. மரத்திலிருந்து ஏன் தலையணை விழுகிறது என்று ஸியாம் கேட்டான். தொம் என்ற சத்தமும் போனது. ஆனால் சிரிப்பு வேண்டுமே! பிள்ளைகளுக்குத் தொடக்கிவிட ஆள் இல்லை, ஒருவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள் என்பது சண்முகலிங்கத்தின் இன்னொரு சட்டம். எனவே இரண்டு பேரும் ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் நின்று சிரித்தார்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்த இரண்டு ஆண்கள் எப்படிச் சிரிப்பார்களோ அப்படிச் சிரித்தார்கள்.

மூன்றாம் தரம் படம் ஓடியது. தலையணை பொத்தென்று விழுந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து, "ஹா ஹா ஹா ஹூ!" என்று சிரிப்பு வெடித்தது.

பிள்ளைகள் துள்ளிப்போய் வாசற்கதவைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் கண்ணை உருட்டி அந்தப் பெட்டியையே முறைத்தார்.

"ஆர் இது சிரிச்சது?" என்று கேட்டார் சாமினி.

"நாங்கள்தான் மேடம்."

"பரவாயில்ல. நீங்களாவது சிரிச்சீங்களே."

அந்த வார்த்தை சண்முகலிங்கத்தின் நெஞ்சில் போய்க் குத்தியது. அவர் மெதுவாக ஒலிப்பதிவு அறைக்குப் போனார். அங்கே அரிசிச் சாக்கின் மேல் ஓர் உண்மையான ஈரப்பலாக்காய் இருந்தது. தொம் சத்தம் எடுப்பதற்காகச் சந்தையில் தேடித் தேடி வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேர், என்ன செய்யப் போறீங்க?" என்றான் ஸியாம்.

"படத்தை நிப்பாட்டும். உடும்பாரே நேர வாறார்."

"சேர், வாணாம்."

"நான் பார்த்துக்கொள்றன் எண்டு சொன்னனானெல்லே!"

திட்டம் எளிமையானது. காயைத் தரையில் ஓர் ஓரமாக வைப்பது. கதிரையில் ஏறி நிற்கும் ஸியாம் ஒலிப்பதிவு அறைத் தலையணைகளை அவர் தலையில் போடுவது. முதல் தரம் தலையணை, இரண்டாந்தரம் தலையணை, மூன்றாந்தரம் காயைப் பார்த்துத் தானே பயந்து ஓடுவது. சட்டப்படி எல்லாம் சரி.

சண்முகலிங்கம் திரைக்கு முன்னால் வந்து நின்றார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். இல்லாத மீசையை முறுக்கினார்.

"கேஸ் முடிஞ்சுது!"

தலையணை விழுந்தது. அது அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டது. கண்ணாடி இல்லாமல் ஓரடி பின்னால் வைத்தார். அந்த அடி ஈரப்பலாக்காயின் மேல் போனது. காய் உருண்டது. கார்ட்டூனில் என்றால் கீழே பார்க்கும் வரைக்கும் அந்தரத்தில் நிற்கலாம். சண்முகலிங்கத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு கை திரைத் துணியைப் பிடித்தது, துணி கம்பியோடு வந்தது, கம்பி ஸியாம் நின்ற கதிரையைத் தட்டியது. ஸியாம் மிச்சத் தலையணைகளோடு இறங்கி வந்தான். கட்டடமே அதிர்ந்தது.

கொஞ்ச நேரம் துணி மட்டும் அசைந்தது. பிறகு அதற்குள்ளிருந்து சண்முகலிங்கத்தின் தலை வெளியே வந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. பழக்க தோஷத்தில் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. எல்லா முகங்களும் சிவந்திருந்தன. பர்ஹா போத்தல் வாரை மென்று தின்றுவிடுவாள் போலிருந்தது.

சண்முகலிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தொழில். அதுவும் தெரியாது என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே துணிக்குள் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. டொக்டர் பொன்னம்பலம் வெள்ளைக் கோட்டோடு நின்றார். கையில் பல் பிடுங்கும் குறடு மின்னியது.

"ஆர் இஞ்ச சத்தம் போட்டது?"

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்கள். குண்டுப் பையன் மிஸ்ஸின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான்.

"நான்தான் டொக்டர்," என்றது துணி.

"வெக்கமாயில்லையே உமக்கு? இவ்வளவு சின்னப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருக்குதுகள், வயசுபோன நீர் துள்ளி விளையாடுறீர். கீழ ஒருத்தற்ற பல்லு பாதியில நிக்குது!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்."

டொக்டர் பிள்ளைகளைப் பார்த்து, "வெரி குட்," என்று குறட்டை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மஸாஹிரா மிஸ் முக்காட்டை இழுத்துவிட்டு, "எங்கட புள்ளைகள் எப்பவும் இப்பிடித்தான்," என்று அவருடைய முதுகுக்குச் சொன்னார்.

சாமினி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

"சொறி, சேர். எனக்கெண்டால் முதல் போட்ட படம் நல்லாப் பிடிச்சிருந்தது. ஒரே ஒரு பிள்ளை வாய்விட்டுச் சிரிச்சிருந்தாலும் அதை அப்பிடியே எடுத்திருப்பன். ஆனால் ஒண்டுகூடச் சிரிக்கேல்லயே? நான் மேலிடத்துக்கு என்ன சொல்றது?"

ஸியாம் சண்முகலிங்கத்தைப் பார்த்தான். நான் பார்த்துக்கொள்றன் என்று சொல்லுவார் என்று காத்திருந்தான். அவரோ உருண்டு வந்த ஈரப்பலாக்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்தார்.

சாமினி கதவில் கை வைத்தார்.

பர்ஹா வாயிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்தாள். படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். மற்றக் கையை உயர்த்தினாள்.

"மிஸ், டொக்டர் போய்ட்டாரு. இனிப் பல்லுத் தெரியச் சிரிச்சா, வந்து புடுங்க மாட்டாருதானே?"