பானை மூடி தட்டிய கல்யாணம்

மதிப்புக்குரிய ஐசில்டா அக்காவுக்கு,

ஜமைக்கா, சான்டா குரூஸிலிருந்து தம்பி எக்பர்ட் பணிவுடன் எழுதுவது. உன் முழங்காலும் டொரண்டோவின் பனியும் இந்த வருஷமாவது ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகளும் மாமரமும் நலம்.

பத்தொன்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்த முன்னறை ஜன்னலைத் திறப்பதென்று, கடந்த மாதம் ஆறாம் தேதி காலை உணவுக்குப் பின் முடிவெடுத்தேன். இரண்டு கதவில் ஒன்றை மட்டும். அது எதிர்வீட்டு லாசெல்ஸின் ஒலிபெருக்கிகளைப் பார்த்த ஜன்னல் என்பது உனக்குத் தெரியும். பீரோ உயரத்தில் எட்டுப் பெட்டிகள். அவன் சனிக்கிழமைதோறும் அவற்றை முற்றத்தில் அடுக்கிப் பாட்டுப் போடுவான். நான் திங்கட்கிழமைதோறும் காவல் நிலையத்துக்கு மனுப் போடுவேன். திருமண அதிகாரியான நான் எழுதிய மனு என்பதால் அவற்றில் ஒரு பிழைகூட இருக்காது. ஒரு பலனும் இருந்ததில்லை.

ஜன்னல் திறந்ததற்குக் காரணம் மகள் ஷெர்னெட்டின் மாப்பிள்ளை. யூக்கா என்று பெயர், பின்லாந்துக்காரன். பாதி வருஷம் இருட்டாக இருக்கும் அவன் ஊரில், ஒரு பழைய மரக்கிடங்கில் வாரம் நானூறு பேர் கூடி நம் ஊர்ப் பாட்டுக்கு ஆடுகிறார்களாம். பாட்டுப் போடுகிறவன் இவன். ஷெர்னெட்டுக்கு நாக்குத் திருந்த வேண்டும் என்று எட்டு வருஷம் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினேன் அல்லவா? கடைத்தெருப் பேச்சு வாசல்படி தாண்டக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தேன் அல்லவா? இவன் என் வரவேற்பறையில் நின்று, "என்ன மாமோய், ஒடம்பு எப்புடிக் கெடக்கு?" என்றான். எல்லாம் இசைத்தட்டில் கற்றது. பிறகு என் கழுத்துப்பட்டையையும் கோட்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஜமைக்காக்காரங்க எதுக்குமே கவலப்பட மாட்டாங்கன்னு எங்கூர்ல எல்லாரும் சொல்றாங்களே மாமா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான். இதே வீட்டில்தான் பிறந்தேன் என்றேன். நம்பவில்லை.

அந்த எட்டுப் பெட்டிகளைக் கண்டதும் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். அவற்றின் படம் அவன் கட்டிலுக்கு மேல் தொங்குகிறதாம். நம் சந்தின் பெயர் அந்த நானூறு பேருக்கும் தெரியுமாம். அக்கா, அந்தப் பெயர்ப்பலகை விழுந்து ஆறு வருஷமாகிறது. நம் தபால்காரருக்கே தெரியாது. லாசெல்ஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீங்களா சாரே, எம் பேர அங்க பாட்டுல சொல்றாங்க. நீங்க மனுவுலதான சொன்னீங்க." ஜன்னலின் இரண்டாவது கதவையும் திறந்தேன்.

திருமணம் பதினாறாம் தேதி, நம் முற்றத்தில். அதிகாரி நானே. மறுநாள் விடியற்காலை மான்டீகோ பே நகரத்திலிருந்து மாப்பிள்ளைக்கு விமானம், அத்துடன் அவன் விடுமுறை முடிகிறது. இரவு எட்டு மணிக்குப் பின் நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லாது. முப்பது வருஷமாக ஊருக்கு இதைச் சொல்லி வருபவனும் நானே. ஆகவே மாலை ஐந்து என்று அழைப்பிதழில் அச்சிட்டேன். ஐந்து மணிக்கு வந்தது மாப்பிள்ளை ஒருவன்தான். மற்றவர்கள் ஏழுக்கு வந்தார்கள், அதுவும் ஆட்டுக்கறி வாசனை தெருமுனைக்குப் போன பிறகு. ஒலிவாங்கியை லாசெல்ஸிடம் கொடுத்திருந்தோம், அதுதான் வினை. நல்ல பாட்டு என்றால் கூட்டம் பானை மூடியைத் தட்டும், தட்டினால் பாட்டைப் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து போட வேண்டும், யாருக்கும் பிடிக்காத பாட்டுதான் இந்த நாட்டில் கடைசிவரை ஓடும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? யூக்கா உறுதிமொழியை நம் பேச்சிலேயே சொன்னான்: "நல்லதோ கெட்டதோ, சாவுற வரைக்கும் இவ கூடத்தான் நான்." அவ்வளவுதான், சமையற்கட்டிலிருந்து ஒரு மூடி, அப்புறம் இருபது மூடி, "முதல்லேர்ந்து! முதல்லேர்ந்து!" என்று ஒரே கூச்சல். நான் கையை உயர்த்தி அடக்கினேன். யாரை அடக்கினேன்? மாப்பிள்ளை ஏற்கெனவே வாசல் கதவுக்குத் திரும்பிப் போய்விட்டான். மூடி தட்டிய பிறகு மேலே தொடர்வது அவனுக்குத் தெய்வக் குற்றம். சரியென்று ஆரம்பித்தேன், மறுபடியும் அவன் வாக்குறுதிக்கே நிறுத்தினார்கள்.

மூன்றாம் முறை நடந்ததைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும். திருமணச் சட்டத்தின் முகவுரையை வாசித்தேன். முப்பது வருஷமாக வாசிக்கிறேன், ஒருவர்கூட கொட்டாவி விடாமல் கேட்டதில்லை. "இந்தப் பந்தம் புனிதமானது, சட்டப்படி பிணைப்பது" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தழைந்தது, பெண்ணைப் பெற்றவன்தானே. ஒரு மூடி ஒலித்தது. எனக்கு, அக்கா. எனக்கு! லாசெல்ஸ் ஒலிவாங்கியில், "யாருடா சொன்னது சாருக்குப் பாட்டு வராதுன்னு? முதல்லேர்ந்து!" என்று அலறினான். ஷெர்னெட் என் சட்டைக் கையை இழுத்து, "அப்பா, ஏழே முக்கால் ஆச்சு" என்றாள். "பொறும்மா, ஆசையாக் கேக்குறாங்க" என்றேன். தலைப்பிலிருந்து வாசித்தேன், பிரிவு எண்களோடு. முற்றத்தில் இலை அசையவில்லை. தேவாலயத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்தது. மனு எழுதியே நான் தொலைத்த சனிக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன்.

உன் பேருந்தில் யாராவது உன் ஊரைக் கேட்டுவிட்டு, ஜமைக்கா என்றதும் துப்பாக்கியா பாட்டா என்று விசாரித்தால் இனி முகத்தைத் திருப்பாதே. சந்தின் பெயரைச் சொல். நம் ஷெர்னெட் ஒரு நல்லவனின் மனைவியாகிவிட்டாள். கைப்படப் பதிவேட்டை நிரப்பி, முத்திரையிட்டுத் தலைமைப் பதிவகத்துக்கு அனுப்பினேன்.

உன் மூட்டுகளுக்கு வலிமையும் உன் பேரப்பிள்ளைகளுக்குப் பணிவும் கர்த்தர் அருளட்டும். மாமரமும் உன்னை விசாரித்தது.

அன்புத் தம்பி,
எக்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தலைமைப் பதிவகத்திலிருந்து தபால் வந்தது. திருமணம் நிறைவேறிய நேரத்தை எட்டு மணி நான்கு நிமிடம் என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆகவே திருமணம் செல்லாது. ஷெர்னெட் என்னோடு பேசுவதில்லை. யூக்காவுக்கு அடுத்த விடுமுறை டிசம்பரில். பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குத் திருமணம். இந்த முறை அதிகாரி மாண்டவில் ஊரிலிருந்து வருகிறார்.