காலமானார் வாசித்த காலைச் செய்தி

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் சாகடித்த பெருமை காலமானாருக்கு மட்டுமே உண்டு. மேனேஜர், நான், வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் என்று யாரையும் அவர் மிச்சம் வைத்ததில்லை. மாடியில் இருக்கும் பிரிண்டரைக்கூட விட்டதில்லை. சாகடித்ததோடு நிற்காமல் மறுநாள் காலையில் எழுந்து நின்று, கனத்த குரலில் ஊருக்கு அறிவித்துவிட்டுத்தான் உட்காருவார்.

காலமானார் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார், பயப்பட வேண்டாம்.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம், கப்பல் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் போட்டுக்கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. உப்புக்கும் முந்திரிக்கும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆறுமுகநேரிக்காரர். ஒடிசலான உடம்பு, எப்போது பார்த்தாலும் துட்டி வீட்டில் சாவு விசாரித்துவிட்டு வந்த முகம். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட "எப்ப?" என்று அவர் கேட்கும் விதத்தில் யார் தவறிப்போனது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

பெயர் வந்த கதையைச் சொல்வதற்குமுன் ஒரு சின்ன விஷயம். அலுவலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரு விலாச எண் வேண்டும். அதைக் கொடுப்பதற்கென்றே ஒரு சர்வர் உண்டு, டி.எச்.சி.பி. என்பார்கள். அது எண்ணைச் சும்மா கொடுத்துவிடாது, வாடகை வீடு மாதிரி காலக்கெடு வைத்துத்தான் கொடுக்கும். எங்கள் அலுவலகத்தில் எட்டு மணி நேரம். வந்தவன் தங்கியிருந்தால் ரின்யூ. சாயங்காலம் போனவன் போனவன்தான் என்றால் எக்ஸ்பயர்டு. யார் வந்தார், யார் போனார் என்று எல்லாவற்றையும் அந்த சர்வர் லாக் என்கிற பதிவேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும்.

மற்ற கம்பெனிகளில் ஏதாவது கோளாறு வந்தால்தான் அந்த லாக்கைத் திறப்பார்கள். நம்மாள் தினமும் காலையில் தினத்தாள் மாதிரி திறந்து, வாய்விட்டுப் படிப்பார்.

"மேனேஜர் சார் எக்ஸ்பயர்டு. செல்வராஜ் எக்ஸ்பயர்டு. கலா தங்கச்சி எக்ஸ்பயர்டு."

கலா தங்கச்சி நான்தான். டிபன் பாக்ஸை மேஜையில் வைக்கும்போதே என் மரணச் செய்தி காதில் விழும். எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே. "காலையில முதல் வார்த்தையா இதக் கேக்கணுமா அண்ணாச்சி?" என்றால், "லாக்குல என்ன இருக்கோ அதத்தான தங்கச்சி நான் வாசிக்க முடியும்" என்பார், வருத்தமாக. அவர் வாயிலிருந்து அந்த ஆங்கில வார்த்தை மட்டுமே வரும். தமிழில் மொழிபெயர்த்து அவருக்கே பட்டமாகச் சூட்டியது நாங்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேனேஜர் ஒருநாள் சொன்னார். "இங்கன நின்னு கத்தாதீரும் ஓய். சொல்ல வேண்டியத வாட்ஸாப் குரூப்ல போடும்."

போட்டார். அன்றைக்கென்று பார்த்து, வயிற்று உபாதையால் இரண்டு நாளாக லீவில் இருந்தவர் முருகேசன் ஒருவர்தான். 'முருகேசன் எக்ஸ்பயர்டு. இதுவரை ரின்யூ ஆகவில்லை' என்று குரூப்பில் வந்தது. எங்களுக்குப் பழக்கம், பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அந்த குரூப்பில் எங்களுக்கு லாரி விடும் அண்ணாச்சி ஒருவரும் இருந்தார் என்பதை யாரும் நினைக்கவில்லை. இளகிய மனசுக்காரர். ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, டிரைவர்கள் நாலு பேரைக் காரில் ஏற்றி, நேராக முத்தையாபுரத்தில் இருக்கும் முருகேசன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கதவைத் திறந்தது முருகேசன். இடுப்பில் சாரம் கட்டி, கையில் கஞ்சி டம்ளரோடு நின்றிருக்கிறார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, மாலையும் கையுமா வந்திருக்கிய?"

லாரிக்கார அண்ணாச்சி தொழிலில் பல செக்போஸ்டைப் பார்த்தவர். கண நேரம்தான் திகைத்திருக்கிறார். "உமக்குப் பிரமோஷன்னு கேள்விப்பட்டோம்லா" என்று சொல்லி மாலையை அந்தக் கழுத்திலேயே போட்டுவிட்டார். நல்லவேளையாக நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே ரோஜா மாலைதான். மறுநாள் முருகேசன் மேனேஜர் அறைக்குள் போய், "எனக்குப் பிரமோஷனாமே சார், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கேட்டார். மேனேஜர் விழித்துவிட்டு, பெயருக்கு முன்னால் 'சீனியர்' என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். செத்துப் பதவி உயர்வு வாங்கியவர் எங்கள் கம்பெனியில் அவர் ஒருவர்தான்.

மேனேஜரையும் காலமானார் ஒருமுறை கலங்கடித்தார். மேனேஜரின் மச்சினன் அவர் லேப்டாப்பை நோண்டி, யாருக்கோ சேர வேண்டிய எண்ணை அதில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டான். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் என்றால் லாக்கில் 'பேட் அட்ரஸ்' என்று விழும். காலமானார் மேனேஜர் அறை வாசலில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சார், உங்க எடத்துல இன்னொரு ஆளு இருக்கான் சார்."

சென்னைத் தலைமை அலுவலகம் தன்னை மாற்றப்போகிறது என்று அந்த மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டிருந்தவர் மேனேஜர். முகம் வெளுத்து, "யாருய்யா? எப்ப ஆர்டர் வந்துச்சு?" என்றார். "காலைல இருந்தே வந்துட்டிருக்கு சார்" என்றார் காலமானார்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு சிநேகிதர் இருந்தார். தொம்மை. காகிதக் கட்டோடு துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறி இறங்குகிற போர்டிங் கிளார்க். இவர் அழுமூஞ்சி என்றால் அவர் வாய் ஓயாத சிரிப்பு. தொம்மை கீழே பைக்கை நிறுத்தும்போதே அவருடைய போன் எங்கள் வைஃபையைப் பிடித்துவிடும். உடனே லாக்கில் ஒரு வரி விழும். காலமானார் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வார்: "தொம்மை வந்துட்டான். டீ சொல்லுங்க." தொம்மை படியேறி வந்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்கும் டீ வருவதற்கும் சரியாக இருக்கும்.

"எலே, நான் வாரது எனக்கே தெரியுமுன்ன ஒனக்கு எப்படில தெரியுது?" என்பார் தொம்மை.

"ஒம் போனு ஒன்ன மாதிரி இல்லலே. மரியாதையாக் கேட்டுட்டுத்தான் உள்ள வருது."

அது எப்படிக் கேட்கும் என்று ஒருநாள் எனக்கும் சொன்னார். புதிதாக வருகிற போன், "எடம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்குமாம். வந்து பழகிய போன் அப்படிக் கேட்காது. "நான் இருந்த எடம் இருக்கா?" என்று தன் பழைய எண்ணைச் சொல்லியே கேட்கும். இருந்தால் ரின்யூ. வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் 'இல்லை' என்று ஒரு பதில் போகும். லாக்கில் அவருக்கு ஆகவே ஆகாத வரி அதுதான். "இருந்த எடத்தக் கேட்டு வந்து நிக்கிறவன்கிட்ட இல்லன்னு சொல்லுதது பெரிய பாவம் தங்கச்சி" என்பார்.

ஒரு மத்தியானம், கப்பலிலிருந்து இறங்கி வரும்போது ஏணிப்படியிலேயே தொம்மைக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் காலமானார் எழுந்து நிற்கவில்லை. லாக்கைத் திறந்தார், பார்த்தார், மூடினார். தொம்மை எக்ஸ்பயர்டு என்ற வரி அதில் இருந்திருக்கும். அதற்குப்பிறகு அவர் வாசிக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் சாகாவரம் பெற்றுவிட்டோம். அதைப்போல மனசுக்குப் பிடிக்காத ஒன்று இருக்க முடியாது. காலையில் அலுவலகம் வெறிச்சென்று கிடக்கும்.

தொம்மையின் எண்ணை வேறு யாருக்கும் போகாதபடி அவர் சர்வரில் ஒதுக்கி வைத்திருந்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் புது கேமராக்கள் வந்தன, லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் வைஃபை கொடுத்தார்கள். எண்கள் தீர்ந்துபோய், கொடுக்க இடமில்லை என்று லாக் புலம்ப ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஓர் இன்ஜினீயர் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"ஒரு நம்பர் சும்மா கெடக்குதே, அது யாருக்கு?"

"தொம்மைக்கு."

"அவர்தான் இறந்துட்டாரே சார்."

"அவன்தான் செத்தான். போனு சாகலியே."

"வராத போனுக்கு எதுக்கு சார் இடம்?"

"வந்து கேட்டுச்சுன்னா நான் என்ன சொல்ல?"

வாரக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் சர்வரை அங்கிருந்தே கையில் எடுத்து, தாங்களே அழித்துவிடுவோம் என்றார் இன்ஜினீயர். காலமானார் எண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் போனில் வைஃபையை அணைத்தார். "ஒரு எடம்தான வேணும்? எனக்குள்ளத எடுத்துக்கிடட்டும்." இன்ஜினீயர் இதில் சமாதானமாகிற ஆளாகத் தெரியவில்லை. மேனேஜர் வந்து, "வீம்பு பண்ணி வேலையக் கெடுத்துக்கிடாதீரும் ஓய்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

தொம்மையின் துறைமுகப் பாஸை வீட்டார் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். யார், எப்போது வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வாரமே ஒரு காலை, எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்கும்போது காலமானாரின் குரல் கேட்டது.

"தொம்மை வந்துட்டான். டீ சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. செல்வராஜ் என்னைப் பார்த்தார். மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தது தொம்மையின் மகள் ஜெசி. ஒரு கையில் பாஸ். இன்னொரு கையில் தொம்மையின் போன், வந்து சேராத செய்திகளையெல்லாம் வாங்கிக்கொண்டு டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா போனு மாமா" என்றாள் அவள், மன்னிப்புக் கேட்பதுபோல. "அம்மா அணைக்க வுட மாட்டேங்காவ. தெனமும் சார்ஜ் போட்டு வைக்காவ. எங்க போனாலும் கையில எடுத்துட்டுப் போன்னு சொல்லுதாவ."

காலமானார் தொம்மையின் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. டீ வருது."

நான் எட்டி அவர் திரையைப் பார்த்தேன். கடைசி வரியில் தொம்மையின் போன் பெயர். பக்கத்தில், ரின்யூ.

டீ குடித்துவிட்டு ஜெசி கிளம்பினாள். பைக் கிளம்பும் சத்தம் ஓயும்வரை காலமானார் ஜன்னலோரம் நின்றார். பிறகு உட்கார்ந்து, அந்த எண்ணைத் தன் கையாலேயே விடுவித்தார். சென்னைக்காரர்களுக்கு அந்த வேலையை மிச்சம் வைக்கவில்லை. எழுந்து நின்றார். பழைய மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எக்ஸ்பயர்டு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம்.

"தொம்மை காலமானார்" என்றார்.

அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்த நாங்கள் எல்லோரும், ஒருவர் சொல்லாமலே எழுந்து நின்றோம்.

சர்வர் பிறகு சென்னைக்குப் போனது, அவர் ஆறுமுகநேரிக்குப் போனார். நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். தினமும் படியேறும்போது என் போன் வைஃபையைப் பிடிக்கும். உள்ளே யாராவது, கலா தங்கச்சி வந்துட்டா, டீ சொல்லுங்க என்று சொல்கிறார்களா என்று ஒரு படி நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.