சம்பந்தி வீட்டுத் தட்டும் புது முள்ளும்

ஒரு காட்டில், மேளம் வாசித்த யானைகள் எல்லாம் கோயில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டபடியால், கல்யாணங்களுக்கு இசைத்தட்டுதான் கெட்டிமேளம் கொட்டியது. அங்கே வடிவாம்பாள் என்றொரு கரடி இருந்தாள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கார்த்திகையிலிருந்தே அவளுக்கு ஒரே கவலை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் மாப்பிள்ளையின் அப்பா அம்மா கல்யாணப் பந்தலில் பதிவு செய்த கெட்டிமேளத் தட்டை முகூர்த்தத்தன்று கொண்டுவருவார்கள். அது முழங்கத்தான் தாலி ஏறவேண்டும். தட்டு அவர்களுடையது, அதைப் பாடவைக்கும் பெட்டி பெண்வீட்டாருடையது. மேளம் சரியாக விழாவிட்டால் எழுந்து போய்விடுவோம் என்று சம்பந்தியம்மாள் சிவகாமு சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் வடிவாம்பாளை வாட்டியது.

அவளுடைய ரெக்கார்டு பிளேயரோ மாமனார் காலத்தது. வீட்டிலிருந்த தாலாட்டுத் தட்டைப் போட்டுப் பார்த்தாள். அப்பளம் பொரிகிற சத்தம்தான் வந்தது. முள் தேய்ந்துவிட்டது, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜையே மாற்றவேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றியார் கடைக்குப் போனாள். வரிசையில் நின்றாள். பெட்டி கண்ணெதிரே இருந்தும், அதில் முள்ளைப் பிடித்திருக்கும் கையின் நீளம், எடை, திருகாணித் துளைகளின் இடைவெளி எல்லாவற்றையும் மூன்று படிவங்களில் எழுதித் தரச் சொன்னார் அவர். எழுதித் தந்தாள். அதைப் படிக்காமலே ஒரு மலிவான கார்ட்ரிட்ஜை எடுத்து வைத்தார்.

"பழைய பெட்டி, கனத்த கை. இதுக்கு மொட்டை முனை போதும்மா."

"கல்யாணத்துக்குங்க."

"கல்யாணத் தட்டுன்னா கண்டிப்பா மொட்டைதான். கூர்முனை போட்டா, தட்டுல இருக்கிற கோட்டுப் பள்ளத்தோட அடிவரைக்கும் போய், கிடக்கிறதையெல்லாம் வாரிக்கிட்டு வரும்."

விற்காத சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று வடிவாம்பாள் நினைத்தாள். கல்யாணத்துக்குப் போய் மலிவானதை வாங்குவார்களா? சிவகாமு மூடியைத் திறந்து பார்த்தால் மானம் என்ன ஆவது? இருப்பதிலேயே கூர்மையானது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். முள்ளம்பன்றியார் பெருமூச்சு விட்டு, மயிரிழைக் கம்பிகள் நாலையும் மாட்டி, திருகாணி இரண்டையும் முடுக்கித் தந்தார். வீட்டுக்கு வந்து தாலாட்டைப் போட்டால், பாடியவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. வடிவாம்பாளுக்கு மனம் குளிர்ந்தது.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினான். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த கொக்கு வாத்தியார் மேளத்துக்குச் சிறகை உயர்த்தினார். வடிவாம்பாளின் தம்பி தட்டில் முள்ளை இறக்கினான். மேளத்துக்கு முன்னால் ஓர் ஆண் குரல் பந்தல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"அக்காளைக் காட்டிட்டுத் தங்கச்சியை உட்கார வெச்சிருக்காங்களேடா. தலையெழுத்து, கட்டித் தொலைக்கிறேன்."

யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தாண்டவராயர், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு கெட்டிமேளம் இடியாய் முழங்கியது. மாப்பிள்ளைக்குத் தன் அம்மாவைத் தெரியும். அவள் எழுந்திருப்பதற்குள் மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டு முடித்தான். எல்லாரும் சிவகாமுவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அட்சதை பாதி கொக்கு வாத்தியார் மேல் விழுந்தது.

சிவகாமு நேரே பெட்டியிடம் வந்தாள். வடிவாம்பாள் ஓடிவந்து, வயதான தட்டு ஏதோ உளறிவிட்டது, பெரிய மனசு பண்ணவேண்டும், இந்தப் பாழாய்ப்போன முள்ளை இப்போதே பிடுங்கி ஆற்றில் எறிந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

சிவகாமு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் இருந்த தன் அக்காளை ஒரு பார்வை பார்த்தாள்.

"கழற்றாதீங்க சம்பந்தி. தட்டைத் திருப்பி மறுபக்கத்தையும் போடுங்க."

நீதி: முப்பது வருஷம் மனக்கசப்பே இல்லாமல் வாழ்ந்த தம்பதியைக் கண்டால் அவர்கள் குணத்தைப் புகழாதே, அவர்கள் வீட்டு முள் மழுங்கியிருக்கிறது.