உங்கள் அக்காவின் அசாதாரண வேகம் தொடர்பாக

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் விசாரணை முடிவதற்குள் எதையும் உறுதியாக எழுதிக்கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். ஆகவே, நான் நலம். உங்கள் அக்கா நலமாக இருப்பதாகச் சொல்கிறாள். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்றே இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி நசுங்கியிருக்கிற விதத்தைப் பார்த்தே ஓட்டினவர் சொல்வது உண்மையா புளுகா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே, அவன் கண்ணிலேயே மண்ணைத் தூவி, பேரப்பிள்ளை எடுத்த ஒரு பெண்மணி பல மாதங்களாக என்னமோ செய்துகொண்டிருந்தாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

முதலில் முழங்கையில் சிராய்ப்பு. கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் அந்த உயரத்தில், அந்தக் கோணத்தில் இடிக்காது. ஒவ்வொரு கதவிலும் என் முழங்கையைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், எனக்குத்தான் வீங்கியது. அடுத்து இடுப்பில் கன்றிப்போயிருந்தது, அதுவும் கதவாம். பிறகு திடீரென்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள், யாரும் சொல்லாமலே கண் டாக்டரிடம் போய்த் தூரப்பார்வையைச் சோதித்துக்கொண்டாள், ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவளைக் காணோமே என்று போய்ப் பார்த்தால், இருப்பதிலேயே கனமான பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கிறாள். "என்ன இது?" என்றேன். "பாத்திரம்" என்றாள். சனிக்கிழமை ஆனால் தோழி வீடு. தோழி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவள் மேல் பெட்ரோல் வாடை எதற்கு அடிக்க வேண்டும்? தோழி என்ன பெட்ரோல் பங்கிலா குடியிருக்கிறாள்?

இதெல்லாம் போகட்டும். அலமாரியில் கம்பளிகளுக்குப் பின்னால் ஒரு உடுப்பு இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே கறுப்புத் தோல். முழங்கால் இரண்டிலும் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் கட்டி வைத்துத் தைத்திருந்தது. சுவர் ஏறிக் குதிக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கு அப்படி ஒரு உடுப்பு தேவைப்படும் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வாரம்தான் எதிர்வீட்டில் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை. ஆனாலும் இரண்டு நாள் எங்கள் வீட்டுக் குழாய்களை எல்லாம் வேறு கண்ணோடு பார்த்தேன்.

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, அம்மாவக் கொஞ்சம் அவங்க பாட்டுக்கு விடுங்களேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரலில் ஒரு ஒத்திகை பார்த்த தன்மை இருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பேரிலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அக்காவுக்கு நீங்கள் அனுப்பிய பார்சலில் தோல் கையுறை இருந்ததே, எதற்கு? உங்கள் ஊரில் குளிர் என்பது சரி. எங்கள் ஊரில் மின்விசிறியை நிறுத்தினால் தூக்கம் வராது.

ஆகவே போன சனிக்கிழமை பின்தொடர்ந்தேன். அவள் தன் ஸ்கூட்டரில் கிளம்பினாள், நான் தெருமுனையில் வாடகைக் கார் பிடித்து, "அந்த ஸ்கூட்டர் பின்னாடியே போப்பா" என்றேன். "யாரு சார் அது?" என்றார் டிரைவர். என் மனைவி என்றேன். "அய்யோ, குடும்ப விவகாரமா? எனக்கு எதுக்கு சார் வம்பு" என்று வண்டியை ஓரங்கட்டப் போனவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஓட்ட வைத்தேன். ஊரைத் தாண்டி, கிடங்குகளைத் தாண்டி, வண்டி போய் நின்ற இடம் மோட்டார் சைக்கிள் பந்தயத் திடல்.

மச்சான், உங்கள் அக்கா பந்தயம் ஓட்டுகிறாள். சும்மா வேடிக்கைக்கு அல்ல, போட்டியில். பேத்தி வயதுப் பிள்ளைகளோடு. அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள் ஒரு ஒல்லிப் பெண், அங்கே எல்லோரும் அவளைச் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சுண்டெலி என் மனைவியைப் பார்த்து, "அம்மா, அந்த வளைவுல பிரேக்கத் தொடாதீங்க, தொட்டா கொன்னுடுவேன்" என்று கத்துகிறது, இவளும் "சரிங்க மேடம்" என்கிறாள். என்னிடம் இந்த ஜென்மத்தில் ஒரு 'சரிங்க' சொன்னதுண்டா? நான் கம்பி வேலிக்குப் பின்னால் முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. வளைவில் வண்டியைச் சாய்த்தாள், சாய்த்தாள், முழங்கால் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்தாள், பின்சக்கரம் வழுக்கியது, வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வேலியில் ஏறிக் குதித்தேன். எனக்கே தெரியாது நான் குதிப்பேன் என்று. ஓடினேன். ஓடிப்போய் டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்தேன். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முறிகிறது, வண்டி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, கைப்பிடி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று குனிந்து, காலால் அளந்து, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று தரையைத் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"வண்டியப் பாத்து முடிச்சாச்சா?"

திரும்பினால் அவள் நிற்கிறாள். ஹெல்மெட் கையில், உடம்பெல்லாம் புழுதி.

"நான் உசுரோட இருக்கேனான்னு பாக்கத் தோணலையா உங்களுக்கு?"

மச்சான், நீங்கள் நியாயஸ்தர், சொல்லுங்கள். தடம் அழிந்துவிடும், எண்ணெய் காய்ந்துவிடும், யாராவது வண்டியை நகர்த்திவிடுவார்கள், மனுஷி எங்கே போய்விடப் போகிறாள்? வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். இதை அவளிடமும் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "டிரைவிங் ஸ்கூல்ல ஸ்கூட்டர் சொல்லிக்குடுக்கச் சேந்த நாள்லேருந்து பின்சீட்டுல உக்காந்து 'மெதுவா போ, மெதுவா போ'ன்னு சொல்லியே என் தொண்டை காஞ்சுது. ஒரு தடவையாவது வேகமாப் போய்ப் பாக்கணும்னு ஆசை. உங்ககிட்ட சொன்னா ஆசைன்னு எடுத்துக்க மாட்டீங்க, கேஸுன்னு எடுத்துப்பீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம ரேஸு. நீங்க வர வேணாம்." அதோடு சரி. சோறு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலிருந்து அவள் மனநிலையைக் கண்டுபிடிக்க முயன்று தோற்றுவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. என் வேலையில் நான் போய் நின்ற இடங்களை நீங்கள் பார்த்ததில்லை. வண்டியை அடையாளம் தெரியாது, ஆளை அடையாளம் தெரியாது, செருப்பு மட்டும் சாலை நடுவில் புத்தம்புதுசாகக் கிடக்கும். அந்தச் செருப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வண்டியை மட்டும் பார்க்கிறவனாக ஆனேன். இந்த வாரம் முழுக்க வாசலில் அவள் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். அவள் விழுந்துவிடுவாளோ என்பது ஒரு பயம். நான் இல்லாமலே நன்றாக ஓட்டிவிடுவாளோ என்பது இன்னொரு பயம். இரண்டாவதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, கூடப் பிறந்தவன் என்ற உரிமையோடு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரிச் சொல்லி, உங்கள் அக்காவை இந்தப் பைத்தியக்காரத்தனத்திலிருந்து இறக்கிவிட வேண்டியது. தாமதித்தால் எனக்கே மனசு மாறிவிடும் என்பதால் உறையை ஒட்டி நாளைக்கே அனுப்புகிறேன். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகக் கீழே விழாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதம் போகவில்லை, தபால்தலை இல்லை. இன்று ஞாயிறு மாலை. என் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உங்கள் அக்கா எழுதுகிறாள். மேலே உள்ளதை முழுக்கப் படித்துவிட்டாள், தண்ணீர்க் குழாய் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் பந்தயத்துக்குப் போனேன். அதே வளைவில் விழுந்தாள். இந்தத் தடவை வண்டி எந்தப் பக்கம் கிடந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. நேரே அவளிடம் ஓடி, "அடிபட்டுதா, பேசு, ஏதாவது பேசு" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். பேசினாள். "என்னை விடுங்க, வண்டியத் தூக்குங்க!" என்றாள். தூக்கினேன். சைலன்சரில் கை வெந்துவிட்டது. அவள் ஏறிப் போய்க் கடைசி ஆளாக முடித்தாள். உடனே நடுவர் வந்து, வெளியாள் வண்டியைத் தொட்டதால் அந்த ஓட்டம் செல்லாது என்றார். அதற்கு உங்கள் அக்கா அத்தனை பேர் முன்னாலும், "வெளியாளா? அவரு வெளியாள் இல்லீங்க" என்றாள். இதை நான் இரண்டு தடவை எழுதச் சொன்னேன், ஒரு தடவைதான் எழுதுகிறாள். அந்த நடுவர் பேரில் எனக்குப் பலமான சந்தேகம் இருக்கிறது, மேல்முறையீடு செய்யப்போகிறேன். நீங்கள் அவளைத் தடுக்க வர வேண்டாம். அடுத்த பந்தயத்துக்குக் கை தட்ட வாருங்கள், எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொண்டுவாருங்கள். நான் சொல்லாத எதையாவது இவள் சேர்த்து எழுதுகிறாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தம்பி, நான் எதையும் சேர்க்கவில்லை. திடல் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை எழுதக் கூடாது என்றார். எழுதவில்லை. — அக்கா