போனுக்குத் தெரியாத முகம்

கண்ணாடிக் கடைக்காரர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஏழாவது முறையாகப் போனுக்கு முகத்தைக் காட்டினார். அது திறக்கவில்லை.

"இவ்வளவு நேரமா உள்ள என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி, வெளியிலிருந்து.

"சவரம்!"

போன மாதம்வரை அந்தப் போனுக்குப் பூட்டே கிடையாது. இரண்டு சிறுநீரகங்களும் கைவிடும் நிலையில் இருப்பதாக மருத்துவர் சொன்ன அன்று போட்டார். தெரிந்தால் அவள் இடிந்துபோவாள். நல்ல செய்தி ஏதாவது வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

முதலில் நான்கு எண்கள். மகள் பிறந்த வருடம்தான். மகள் ஒரே முயற்சியில் திறந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதறிப்போய் அன்று மாலையே எண்ணை மாற்றி, கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்தார். பதற்றத்தில் புது எண்ணை மறந்தும் போனார். இருக்கவே இருக்கிறது கைரேகை என்று நினைத்தால், மறுநாளே கடையில் கண்ணாடி கட்டைவிரலைப் பதம் பார்த்தது. கட்டுப் போட்ட விரலைப் போன் மதிக்கவில்லை. மிஞ்சியது முகம். மாலையில் பதிவு செய்த முகம் காலையில் வியாதியால் உப்பிக் கிடந்தது. போனைக் குற்றம் சொல்ல முடியாது. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே யாரோபோல்தான் இருந்தது.

கதவைத் திறந்ததும் எதிரே மனைவி.

"இருபத்திரண்டு வருஷமா இல்லாத பூட்டு இப்ப எதுக்குங்க?"

"கடை விஷயம்."

"கண்ணாடிக் கடையில மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாளில் அவள் பேச்சைக் குறைத்தாள். தன் போனுக்கும் பூட்டுப் போட்டாள். மதியவேளையில் எங்கோ போய்வந்தாள். கேட்டால், "உங்களுக்குக் கடை விஷயம், எனக்கு வீட்டு விஷயம்" என்றாள். உடம்புதான் போகிறது என்றால் குடும்பமும் போகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனார். பதிவு செய்யும் பெண் கருவியைக் காட்டினாள். ஆள்காட்டி விரலை வைத்தார். அவருடைய விவரம் திரையில் வந்தது.

"கிட்னி தானம் கொடுக்க யார் இருக்காங்கன்னு டாக்டர் கேட்டாரும்மா. யாரும் இல்லன்னு எழுதிக்குங்க. வீட்ல யாருக்கும் தெரியாது. போனைக்கூடப் பூட்டித்தான் வச்சிருக்கேன்."

அந்தப் பெண் திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பூட்டியிருந்தாலும் நாங்க அனுப்பற மெசேஜ் ஸ்கிரீன் மேலேயே தெரியுமே சார்! அதைப் பார்த்துட்டு உங்க வீட்டம்மா போன வாரமே வந்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்து, கைரேகையும் வச்சுட்டுப் போயிட்டாங்க. பொருந்துதுன்னு தெரியறவரைக்கும் உங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்பத்தான் பொருந்துதுன்னு வந்திருக்கு."