இரண்டு கோச்சுகளுக்கு நான் கொடுத்த ஷூ

நான் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. தப்பு செய்தால்தானே கேட்பதற்கு? (என் மனைவி சரஸ்வதி இதைப் படித்தால் இந்த வரியிலேயே அரைமணி நேரம் நிற்பாள்.) அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். மேடையில் கேட்டேன். மைக்கில் கேட்டேன். அதுவும் இங்கிலீஷில் கேட்டேன். அதற்குப் பேசாமல் மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். பதிமூன்று வயதில் ஒரு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவ உட்கார்ந்தேன். இன்றைக்கு எண்பது பேர் வேலை செய்யும் யூனிட்டுக்கு முதலாளி. எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் எத்தனையோ துரைமார்கள் ஆபீசுக்குப் போகிறார்கள். யார் தயவும் இல்லாமல், தனி ஆளாக முன்னுக்கு வந்தேன். சரி, தனி ஆள் என்றால் முழுக்கத் தனி ஆள் இல்லை. கூட கலீல் பாய் இருந்தார். முதல் தையல் மெஷின் வாங்கிய நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அவர் என் பார்ட்னர். ஆபீஸில் ஒரே அறை, எதிரெதிரே இரண்டு மேஜை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் இங்கிலீஷில் பேசுவது அவர். உள்ளே வேலை வாங்குவது நான்.

எங்கள் இருவருக்கும் இருக்கும் ஒரே பொதுப் பைத்தியம் ஃபுட்பால். ஊரே கிரிக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுதபோது நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயிலில் பந்தை உதைத்தோம். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. அதனால் ஊர் கிளப்புக்குத் தலைவராக நானும் செயலாளராக அவரும் இருந்துகொண்டு, உதைக்கிறவர்களைத் திட்டுகிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நம் இந்திய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மேலிடத்தில் இருப்பவர்கள் பழைய கோச்சை அனுப்பிவிட்டு அவர் இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர். இன்னொருவர் நம் நாட்டுக்கு ஆடிய பழைய ஆட்டக்காரர். இவருக்கு அவர் உதவி, அவருக்கு இவர் உதவி என்றெல்லாம் இல்லையாம். இருவரும் சமமாம்.

சமம் என்றார்களோ இல்லையோ, பிடித்தது சனியன். எங்கள் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் மூன்று கட்சி. வெள்ளைக்காரர் கட்சி, நம்மாளு கட்சி, இரண்டு பேரும் வேண்டாம் என்கிற கட்சி. பந்தைக் கையால்கூடத் தொடாத மாவுமில்காரர் அர்த்தராத்திரி வரை ஆடியோ அனுப்புகிறார். முடி வெட்டிக்கொள்ளப் போனால், பாதி தலையில் கத்தியை நிறுத்திவிட்டு, "நீங்க எந்தப் பக்கம்ணா?" என்று கேட்கிறார்கள். பாதித் தலையோடு ஒருவன் என்ன பதில் சொல்வான்? கத்தி பிடித்தவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து சரஸ்வதியிடம் புலம்பினேன்.

"ஒரு டீமுக்கு ரெண்டு தலையா? கோல்கீப்பர் யார் பேச்சக் கேப்பான்?"

"ஏங்க, உங்க கம்பெனிய நீங்களும் பாயும் ரெண்டு பேராத்தானே நடத்துறீங்க?"

"அது வேற."

"இன்னா வேற?"

"வேறன்னா வேற. போய் காப்பி போடு."

நான் நம்மாளு கட்சி. கலீல் பாய் வெள்ளைக்காரர் கட்சி. முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் பேசினோம். இரண்டாம் நாள் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி ஆனது. மூன்றாம் நாள் பாய் சொன்னார்: "இதோ பாரு ரத்தினம். வெளிய போய் நாலு பேர்கிட்ட பேசிப் பழகினவன்தான் மெயினு. உங்காளு சும்மா கூட நிக்கிறதுக்கு."

"உள்ள வேலை நடந்தாத்தான் பாய் வெளிய போய் பேச முடியும். பேச்சு மட்டும் கோல் போடுமா?"

"உனக்கு எப்பவுமே வெளிய பேசறவன் மேல ஒரு காண்டு."

"உங்களுக்கு உள்ள இருக்கிறவன் கண்ணுலயே படமாட்டான்."

அதற்குப் பிறகு நாங்கள் ஃபுட்பாலைப் பற்றிப் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஃபுட்பால் என்றே வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அதுதான் கௌரவம்.

பேச்சு நின்றது. ஒரே அறை, நாலடி தூரம். ஆனால் எல்லாம் பேக்கிங் சூப்பர்வைசர் ஜெயசீலன் வழியாகத்தான் போகும். இருபது வருஷமாக எங்களிடம் இருக்கிறவர், பாவம்.

"ஜெயசீலா, கறுப்புத் தோல் வந்துச்சான்னு பாய்கிட்ட கேளு."

ஜெயசீலன் திரும்பி, "பாய், கறுப்புத் தோல் வந்துச்சான்னு கேக்கறாரு" என்பார்.

"என் காதுலயும் விழுந்துச்சு. நாளைக்கு வரும்னு சொல்லு."

"நாளைக்கு வருமாம் ஓனரே."

"என் காதுலயும் விழுந்துச்சு."

இப்படிப் பத்து நாள் போனது. பதினோராம் நாள் பாய் தலையைத் தூக்காமல், "ஜெயசீலா, மாசம் முடியட்டும், ஆடிட்டர வச்சு மெஷின பாதி பாதி பிரிச்சுக்கலாம்னு அவர்கிட்ட சொல்லு" என்றார்.

ஜெயசீலன் திரும்பினார். ஆனால் சொல்லாமல் பேக்கிங் டேப்பைத் தேட ஆரம்பித்தார். அப்போதே இருபத்தைந்து வருஷம். 'வேண்டாம் பாய்' என்று இரண்டே வார்த்தை, சொல்லியிருக்கலாம். ஐயா யார்? "தாராளமா பிரிச்சுக்கலாம்னு சொல்லு" என்றேன்.

அந்த நேரத்தில்தான் காட்பாடிப் பக்கம் ஒரு காலேஜில் புது ஃபுட்பால் மைதானம் திறக்கிறார்கள் என்றும், புதுக் கோச்சுகள் இருவருமே வருகிறார்கள் என்றும் தகவல் வந்தது. எங்கள் கிளப்புக்கும் மேடையில் மரியாதை செய்ய இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். சரஸ்வதி சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஷூ தச்சு எடுத்துட்டுப் போங்க. ஒருத்தருக்கு நீங்க குடுங்க, ஒருத்தருக்கு பாய் குடுக்கட்டும். மேடையில பக்கத்துல பக்கத்துல நின்னா பேசித்தானே ஆவணும்?"

இந்த யோசனையை என் சொந்த யோசனையாக மறுநாள் ஜெயசீலன் வழியாக அனுப்பினேன். பதில் வந்தது: "சரியாம். ஆனா ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணுமாம். ஒரு நூல் கம்மியா இருந்தாலும் மாசம் முடியறவரைக்கும் காத்திருக்க மாட்டாராம்."

என் சர்வீஸில் அப்படி ஒரு ஷூ தைத்ததில்லை. தேன் கலர் தோல். நானே பார்த்துப் பொறுக்கினேன். அளவு? சாம்பிள் ரூமில் இருப்பது நாற்பத்திரண்டாம் நம்பர் கால் அச்சுதான். ஆம்பிளை என்றால் நாற்பத்திரண்டு என்பது என் கட்சி. ஆர்டர் நம்பர் இல்லாமல் எங்கள் யூனிட்டில் ஊசிகூட நகராது. அதனால் வேலைச்சீட்டில் 'சாம்பிள்' என்று பெரிதாக எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். (என் கையெழுத்து அழகாக இருக்கும். அது ஒன்றைத்தான் ஐந்து வருஷம் படித்தேன்.)

தைத்து முடிந்த நான்கு ஷூவையும் மேஜையில் வைத்து நானும் பாயும் பார்த்தோம், பேசாமல். குறை இல்லை. பெட்டியில் போட்டுத் தங்கக் கலர் பேப்பர் சுற்றும் வேலையை ஜெயசீலனிடம் விட்டோம். நான் பெட்டியைத் தொட்டால் பாய்க்குச் சந்தேகம், பாய் தொட்டால் எனக்குச் சந்தேகம். அதனால் மேடைக்குப் போகும் வரை இருவரும் தொடவில்லை. நியாயமானவர்கள்.

காலேஜில் கூட்டமென்றால் கூட்டம். கையில் செல்போன் இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நம்மாளுக்குப் பெட்டியைக் கொடுத்தேன், பாய் வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார். கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்க வேண்டும்.

நம் வழக்கம் என்ன? பரிசு கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து, அப்புறம் குறை சொல்வோம். வெள்ளைக்காரருக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. அங்கேயே சர்ரென்று பேப்பரைக் கிழித்தார். ஒரு ஷூவை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கைதட்டல். இன்னொன்றையும் எடுத்தார். அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் இடது கால்.

நம்மாளு அதைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியைப் பிரித்தார். இரண்டும் வலது கால்.

மைதானமே சிரித்தது. விசில் அடித்தார்கள். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். நம்மாளு முகம் சிவந்து என்னைப் பார்த்தார். நிகழ்ச்சியைத் தொகுத்துப் பேசிய பெண் பதறிப்போய் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். அவள் மட்டும் அதைச் செய்யாமல் இருந்திருந்தால்!

நான் பேசினேன்: "சாரி சார்! ஐ வெரி வெரி சாரி! லெஃப்ட் ஈஸ் ஹிம், ரைட் ஈஸ் யூ! ஒன் மேன் நோ வாக்கிங்! டூ மேன் டுகெதர், ஒன்லி தென் வாக்கிங்! ப்ளீஸ் அட்ஜஸ்ட்!"

அந்தச் சிரிப்பை நான் இதுவரை எந்த கோலுக்கும் கேட்டதில்லை. அப்போது என் காதருகே ஒரு குரல்:

"அடப்பாவி ரத்தினம், சாம்பிள் பேக்கிங்கா?"

பதினேழு நாளுக்குப் பிறகு கலீல் பாய் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கேட்டதும் எனக்கும் புரிந்தது. வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்பும்போது இடது கால் எல்லாம் ஒரு பெட்டி, வலது கால் எல்லாம் இன்னொரு பெட்டி. வழியில் எவனாவது ஒரு பெட்டியைத் தூக்கினாலும் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. எங்கள் யூனிட்டில் அதைச் சட்டமாகக் கொண்டுவந்தவனே நான்தான். (மீறினால் சம்பளம் பிடிப்பேன் என்று போர்டு வேறு மாட்டியிருக்கிறேன்.) சீட்டில் சாம்பிள் என்று இருந்தது. ஜெயசீலன் சட்டப்படி நடந்துகொண்டார்.

பாய் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். ஐந்தே நிமிஷம், அழகான இங்கிலீஷ். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து போய் நம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இடதைக் கொடுத்து ஒரு வலதை வாங்கிக்கொண்டார். நம்மாளுகூடச் சிரித்துவிட்டார். போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக்காரருக்குப் பாதி கால்கூட நுழையவில்லை, நம்மாளுக்கு உள்ளே இன்னொரு காலுக்கு இடமிருந்தது. அது போகட்டும்.

ஆனால் ஊரில் சுற்றிய வீடியோவில் பாய் பேசியது இல்லை. நான் மன்னிப்புக் கேட்டதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில்: 'கோச்சுகளுக்கு ஆம்பூர் ரசிகரின் ஷூவடி!' நான் வேண்டுமென்றே செய்த போராட்டமாம் அது. கேரளாவிலிருந்து போன், கல்கத்தாவிலிருந்து போன். ஒருவன் என்னைப் புரட்சியாளன் என்கிறான். இன்னொருவன் நாட்டைக் கேவலப்படுத்தினாய் என்கிறான். போராட்டம் இல்லையப்பா, பேக்கிங் தப்பு என்றால் எவனும் நம்பவில்லை. எங்கள் குரூப்பில் அதற்கும் மேலே போனார்கள். இடது கால் மெயினா, வலது கால் மெயினா என்று புதுச் சண்டை. மாவுமில்காரர் ஒன்பது நிமிஷ ஆடியோ அனுப்பினார்.

ஜெயசீலனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நாப்பது வருஷ மானத்த வாங்கிட்டியே! கோச்சுக்குக் குடுக்கறதுன்னு தெரியாதா?"

"தெரியும் ஓனரே. ஆனா சீட்டுல உங்க கையெழுத்து இருந்துச்சே."

நான்காம் நாள் பெரிய இடி வந்தது. எங்கள் ஐரோப்பிய பையரிடமிருந்து மெயில். அவர் பேரனும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். பாய் படித்துக் காட்டினார், நேராக என்னிடமே. "அடுத்த வாரம் போற சரக்குல எல்லா பெட்டியும் ஜோடி ஜோடியா இருக்கான்னு ஓனருங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்து எழுதிக் குடுக்கணுமாம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும். கையெழுத்து போட்டு."

கட்டி, ஒட்டி, அடுக்கி வைத்த அத்தனை அட்டைப்பெட்டியையும் மறுபடி உடைத்தோம். அறுபது வயதில் இரண்டு முதலாளிகள் கோடவுன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மூன்று நாள். அவர் எடுத்துப் பார்த்து "லெஃப்ட்" என்பார், நான் "ரைட்" என்பேன். அடுத்த பெட்டி. முதல் நாள் வேறு பேச்சே இல்லை. இரண்டாம் நாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, நான் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதும் வெள்ளைக்காரர்தான் மெயின் என்றார். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் ஜெயசீலன் வந்து நின்றார். "ஆடிட்டர் போன் பண்ணாரு. மெஷின் பிரிக்கறதுக்கு எப்ப வரட்டும்னு கேக்கறாரு."

நான் கையிலிருந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அடுத்த பெட்டியை இழுத்தார்.

"இந்த சரக்கு போவட்டும்னு சொல்லு."

அந்தச் சரக்கு போனது. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்று வரை ஏதாவது ஒரு சரக்கு போய்க்கொண்டேதான் இருக்கிறது. அந்த இரண்டு கோச்சுகளும் அடுத்தடுத்துத் தோற்று, ஒரே நாளில் ஒன்றாகவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டிலும் பாய் வீட்டிலும்தான் அந்த விவகாரம் இன்னும் முடியவில்லை.

போன பக்ரீத்துக்குப் பாய் வீட்டிலிருந்து வழக்கம்போல் பெரிய கேரியர் வந்தது. ஆசையாகத் திறந்தேன். நான்கு அடுக்கிலும் வெறும் பிரியாணிச் சோறு. மருந்துக்குக்கூட ஒரு துண்டுக் கறி இல்லை. சரஸ்வதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. போனைப் போட்டேன்.

"இன்னா பாய் இது, பேஜாரு பண்றீங்க? கறி எங்க?"

"அது ரைட்டு பெட்டி தோஸ்த். இங்க இருக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?